கடைமடை மூலையில் உன் பெயர்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ அனுப்பிவைத்த மடிக்கணினியில் அடிக்கவில்லை. அதை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கடையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை திறப்பதோடு சரி. ஏன் திறக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உன் அப்பா தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய பழைய கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். அதன் பக்கத்துத் தகடு இன்றும் திறந்தே கிடக்கிறது, ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. ஆனாலும் நான் ‘நீ’ என்று அடித்தால் அதில் ‘நீ’ என்று மட்டும்தான் விழும். உன் மடிக்கணினியோ பாதி வாக்கியத்திலேயே மீதியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. போன வாரம் உனக்கு எழுத உட்கார்ந்து, ‘உன்னைப் பார்த்து’ என்று அடித்தேன். ‘நெடுநாளாயிற்று, உன் ஆன்மா அமைதி பெறட்டும்’ என்று அது முடித்துக் காட்டியது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்தே பாதி வயிறு கழுவிய கடை இது. பழைய ஃபைல்களைப் படித்து அங்கிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அப்படியே மூடிவிட்டேன். இதைப் பிரிண்ட் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன், சிரிக்காமல் படி.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்தே வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறேன், ஊருக்கு வர நேரமில்லை என்று போனில் சொன்னாய். போவதற்கு முன்னால் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அந்த மடிக்கணினியில் நீ செய்த திரை அமைப்புக்கு உன் கம்பெனி காப்புரிமை வாங்கப்போகிறது, அது முழுக்க உன் சொந்த யோசனை என்று நீ எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். நான் ‘சரிப்பா’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் ‘அம்மா, ஒரு நிமிஷம்’ என்று குறுக்கே வருவாய். கடிதத்தில் குறுக்கே வர முடியாது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் உன் அப்பாவுக்குக் கருத்து இல்லாத இடமே கிடையாது, உனக்கும் தெரியும். பாபநாசம் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை நிற்கவைத்துப் பாடம் எடுத்த கடை நம்முடையது மட்டும்தான். காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம், ஓசியில் கிடைக்கும் சிஸ்டம், பெட்டியைத் திறக்கவே விடாத பணக்காரச் சிஸ்டம் என்று மூன்றையும் மாமன் மச்சான் மாதிரி பேசுவார். ஓசிச் சிஸ்டம்தான் அவருக்கு உசத்தி. எனக்கோ தமிழ் எழுத்துரு ஒழுங்காக வருகிற சிஸ்டம் போதும், ஓசியோ காசோ எனக்கென்ன. இதற்காக நாங்கள் போட்ட சண்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளை பெயரில் ஒற்றெழுத்து இல்லாமலே அச்சாகிப் போயிருக்கிறது. ‘பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னு சொல்றான்னா அது ஒன் பெட்டி இல்ல, அதுல நீ வாடகைக்குக் குடியிருக்கே’ என்பார். அதில் அவர் சொன்னது சரி என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவர் இருக்கும்போது ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

ப்ராசஸர் ஸ்டிக்கர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை கோர், புதுத் தலைமுறை என்று மினுக்குக் காகிதம் ஒட்டி வரும். வாங்க வருகிறவர்களும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். ‘சாக்குல என்ன எழுதியிருக்குன்னு பாத்தா அரிசி வாங்குறீங்க? ரெண்டு மணியக் கடிச்சுப் பாக்க மாட்டீங்க?’ என்று கேட்டுக்கொண்டே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். அதனால் போன வியாபாரமும் உண்டு. நீ அனுப்பியதில் ‘தானே யோசிக்கும் சிப்’ என்று வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கிறது. நான் சுரண்டவில்லை. எதை யோசிக்கிறது என்று அதில் போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன், போடவில்லை.

திரையின் தோற்றம் யாருக்குச் சொந்தம் என்று பெரிய கம்பெனிகள் கோர்ட்டில் அடித்துக்கொண்ட கதையை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ‘குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பட்டா கேக்குறானுங்க பாரு’ என்பார். பட்டா என்ற சொல்லை அவர் சும்மா எடுக்கவில்லை. உன் தாத்தா கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர், நம் பெயரில் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. ஆனால் சுற்று வட்டாரத்து நிலமெல்லாம், பட்டா நகலும் அடங்கலுமாக, உன் அப்பாவின் திரையில் இருந்தது. ஆளுக்கொரு ஃபோல்டர். அவற்றை அவர் அடுக்கியிருந்த விதம்தான் உனக்கு இன்று சம்பளம் வாங்கித் தருகிறது. எல்லாரும் அ, ஆ வரிசையில் அடுக்குவார்கள். அவர் தண்ணீர் போகிற வரிசையில் அடுக்கினார். இடது மேல் மூலை தலைமடை, தண்ணீர் நுழைகிற இடம். புது வேலை அங்கே வந்து விழும். வேலை முடிய முடிய ஃபோல்டர் வலப்பக்கமாகவும் கீழேயும் இறங்கும். காவிரி மேற்கே நுழைந்து கிழக்கே பூம்புகாரில் கடலுக்குப் போகிறது அல்லவா, அப்படி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எட்டிப் பார்த்து, ‘நம்ம வேலை பாதி வாய்க்கா தாண்டிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

வலது கீழ் மூலை கடைமடை, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். அங்கே என்ன இருந்தது என்று உனக்கு நாங்கள் சொல்லவே இல்லை. அங்கே செத்தவர்கள் இருந்தார்கள் தம்பி. ஊரில் யாராவது போய்விட்டால், உன் அப்பா மறுநாள் கடை திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, போனவரின் ஃபோல்டரைப் பிடித்து மெதுவாக இழுத்து அந்த மூலையில் வைப்பார். அழிக்க மாட்டார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று பிள்ளைகள் வருஷக்கணக்காக வருவார்களே. ‘செத்தவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்ல வேலை ஜாஸ்தி’ என்பார். உயிரோடு இருக்கிறவர் ஃபோல்டர் தவறிக்கூட அந்தப் பக்கம் போகாது. ஊருக்கே இது தெரியும். சில பேர் கடைக்குள் வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரே ஒருவர் அங்கே போய்த் திரும்பி வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்த ஜமால் பாய், நம் கடையில்தான் பாஸ்போர்ட் நகலெல்லாம் எடுப்பார். விபத்தில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்து, அவர் மனைவி முகமெல்லாம் வீங்கி நம் கடைக்கு வந்து காகிதம் தயார் செய்தார். உன் அப்பா ஃபோல்டரை இறக்கி வைத்தார். கொஞ்ச நாளில், இறந்தது அதே பெயருள்ள வேறு ஆள் என்று போன் வந்தது. அந்தம்மா ஓடி வந்து, ‘மேல எடுத்து வச்சிடுங்கண்ணே, அதுல அவுக பேரப் பாக்க முடியல’ என்று கெஞ்சினார். உன் அப்பா மவுஸைத் தொடவில்லை. ‘நான் எடுக்கக் கூடாதும்மா. ஆளு வரட்டும், அவரே வந்து எடுக்கட்டும்’ என்றார். எனக்குக் கோபமாக வந்தது, இதென்ன பிடிவாதம் என்று. பாய் லீவில் வந்ததும் நேரே கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, மவுஸைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடித்து இழுப்பது என்று உன் அப்பா காட்டினார். பாய் பாதி வழியில் விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் அது இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ‘இத்தனை நாளா இங்கதான் கெடந்தனாண்ணே? அங்க எனக்குத் தூக்கமே வரலை’ என்றார். நான் டீ வாங்கி வரும் சாக்கில் வெளியே போய்விட்டேன்.

நீ அப்போது சின்னப் பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் முட்டியில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்ப்பாய். ஒருநாள், ‘அந்த மூலைக்கு ஏம்பா போவுது?’ என்று கேட்டாய். குழந்தையிடம் என்ன சொல்வது? ‘வேலை முடிஞ்சிடுச்சுடா’ என்றார். நானும் தலையாட்டினேன். நீ கேட்டதும் தப்பில்லை, அவர் சொன்னதும் பெரிய பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ வளர்ந்து, படித்து, அதை ஒரு சட்டமாக எழுதி மெஷினுக்குள் போட்டுவிட்டாய். யாரும் திறக்காத ஃபோல்டர் வேலை முடிந்தது. வேலை முடிந்தது தானாகக் கடைமடைக்கு இறங்க வேண்டும். இறங்க இறங்க நிறம் வெளுக்க வேண்டும். அதுவும் ஒரே நாளில் இறங்கினால் ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று தினம் ஒரு நூலளவு இறங்குகிற மாதிரி செய்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான். உன் மடிக்கணினியில் எதுவும் நகர்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நகர்ந்து முடிந்திருப்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் மேலத்தெரு கோவிந்தசாமி. பழைய கம்ப்யூட்டரிலிருந்ததை எல்லாம் நீ அங்கிருந்தபடியே மடிக்கணினிக்கு மாற்றிக்கொடுத்துச் சில மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் திறந்தால் அவர் ஃபோல்டர் செத்தவர்களோடு சேர்ந்து நிற்கிறது, பாதி வெளுத்து. கடையில் என்னைத் தவிர யாருமில்லை. நான்தான் ஏதோ கை தவறி இழுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மகன் படியேறி வந்து, ‘அத்தை, அப்பா விடியக்காலையில போயிட்டாருங்க. நோட்டீசுக்குப் போட்டோ ஒங்ககிட்டதான் இருக்கு’ என்றான். உனக்குப் போன் செய்தபோது நீ சிரித்தாய். ‘அம்மா, அவரு படுத்த படுக்கையா இருந்திருப்பாரு. கடைக்கு எப்படி வருவாரு? யாரும் ஃபைலத் தொறக்கல, அதான் எறங்கியிருக்கு. அப்பா பண்ணுவாருல்ல, அதையேதான் மெஷின் பண்ற மாதிரி எழுதியிருக்கேன்’ என்றாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது தையல்நாயகி அக்கா. மகளிர் குழுவில் பயிர் இன்சூரன்ஸ் காகிதமெல்லாம் அவர்தான் கொண்டுவருவார். வாரம் தவறாமல் வருகிறவர். என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டார். பார்த்தால் அவர் பார்வை அந்த மூலையில் நிற்கிறது.

‘அங்க ஏன் எம்பேரு இருக்கு?’

‘மெஷின் தானா வச்சிருக்குக்கா. நான் தொடலை.’

‘மெஷினுக்கு யாரு சொன்னா?’

அக்கா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார், குடையைக்கூட எடுக்கவில்லை. உன்னைக் கேட்டால், குழு வேலை எல்லாம் குழுவின் ஃபோல்டரில் நடக்கிறது, அவர் சொந்த ஃபோல்டரைத் திறந்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான் என்றாய். எதற்கும் உன்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. நான் பதறிப்போய் உன் அப்பா சொன்னதை மறந்து, அக்காவின் ஃபோல்டரை நானே இழுத்து மேலே வைத்தேன். கொஞ்ச நாளில் பழையபடி மூலைக்கு வந்துவிட்டது. அக்கா நன்றாகத்தான் இருக்கிறார், வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கிறார். ஆனால் நம் கடைப் படி ஏறுவதில்லை. ரோட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். இப்போது மற்றவர்களும் குறைந்துவிட்டார்கள். போன வாரம் அதை உள்ளறைக்குக் கொண்டுபோகும்வரை, வந்த ஓரிருவரும் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்கள்.

இதற்கு மேலே ஒன்று. மூலைக்குப் போனதைக் கொஞ்ச நாள் கழித்து உன் மெஷின் பெயர் சொல்லிக் கேட்கிறது. ‘இது இப்போது பயன்பாட்டில் இல்லை. நீக்கலாமா?’ அதன் கீழே இரண்டே பட்டன். ஒன்று ‘ஆம்’, இன்னொன்று ‘பிறகு’. உன் அப்பாவின் ஃபோல்டருக்கே அப்படிக் கேட்டது. அவர் போன மறுநாள் அதை நான்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இறக்கி வைத்தேன். அதைப் பார்த்து, பயன்பாட்டில் இல்லையா என்று கேட்க இதற்கு எவ்வளவு தைரியம் பார். ‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன் ஏன் இல்லை என்று உன்னைக் கேட்டேன். ‘வேண்டாம்னு ஒண்ணு குடுத்தா யாருமே க்ளீன் பண்ண மாட்டாங்கம்மா. எல்லாம் சேந்து மெஷின் ஸ்லோ ஆயிடும். அப்புறம் சிப்பு ஸ்பீடு ஸ்பீடுன்னு விளம்பரம் பண்ணதெல்லாம் என்னாவறது?’ என்றாய். அந்த ஸ்டிக்கர் பொய்யாகாமல் இருப்பதற்கு நாங்கள் எங்கள் ஆட்களை அழிக்க வேண்டும் என்கிறாய். நீ அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். சொன்னது அதுதான்.

இப்போது உன் கம்பெனி அந்த மூலைக்குப் பட்டா கேட்கிறது. நீ அது உன் யோசனை என்று எழுதிக்கொடுக்கப் போகிறாய். எழுதாதே தம்பி. அது உன் யோசனையும் இல்லை, உன் அப்பாவின் யோசனை என்றும் நான் உரிமை கொண்டாட வரவில்லை. தண்ணீர் போகிற திசையை அவர் பார்த்து எடுத்துக்கொண்டார். அந்த மூலை ஊரின் சுடுகாடு. நம் பக்கம் சுடுகாடு புறம்போக்கில்தான் இருக்கும், அதை யாரும் தன் பெயருக்கு எழுதிக்கொள்வதில்லை. நாளைக்கு உன் பெட்டி உலகமெல்லாம் போகும். எங்கேயோ ஒரு பெண் தன் திரையில் ஓர் ஓரத்தைப் பார்ப்பாள். அது என்ன இடம் என்று அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அங்கே இறங்கிக்கொண்டிருப்பார்கள். வேலை போய்விடும் என்பாய். போகலாம். அதற்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்று தெரிந்து போடு, போடாமல் இருந்தாலும் தெரிந்து இரு.

இனி நான் கடிதம் எழுத உட்கார்ந்த விஷயம். பழைய திரையில் தலைமடையில் முதல் ஃபோல்டர் யாருடையது என்று ஞாபகமிருக்கிறதா? உன்னுடையது. உன் மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நீ ஸ்கேனரில் கையை வைத்து எடுத்த படம், நீயும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் போட்டோக்கள், எல்லாம் அதில்தான். உன் அப்பா தினமும் கடை திறந்ததும் அதை ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார், பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. அவர் போன பிறகு நான் அதைச் செய்யவில்லை. அந்தப் படங்களில் அவரும் இருக்கிறார், திறக்க எனக்குத் தெம்பில்லை. உன் மடிக்கணினியில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு வரிசையாகக் கடந்து, என் கண் எதிரிலேயே. நான் பார்க்கவில்லை. நீ போனில் வர நேரமில்லை என்று சொன்ன மறுநாள் காலை மடிக்கணினியைத் திறந்தேன். உன் ஃபோல்டர் மூலையில் இருந்தது. உன் அப்பாவின் ஃபோல்டருக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல. உன் பெயர் பாதி வெளுத்திருந்தது.

திறந்து மூடினால் தானாக மேலே ஏறிவிடும் என்பாய். தெரியும். நான் திறக்க மாட்டேன், இழுத்தும் வைக்க மாட்டேன். தையல்நாயகி அக்காவுக்கு நான் இழுத்து வைத்தது நிற்கவில்லை. ஜமால் பாய் தன் கையால் வைத்தது உன் மடிக்கணினியிலும் இன்றுவரை நிற்கிறது, லீவில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். விமானம் ஏறும் முன் ஒரு நாள் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உன் கையால் உன்னை எடுத்து மேலே வை. சோறு ஆக்கி வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ.

காலையில் ஒரு தடவை துண்டை எடுத்துத் திறக்கிறேன் என்றேன் அல்லவா. பதில் சொல்லாமல் விட்டால் அதுவே ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில்தான். இன்று காலையும் உன் பெயரைச் சொல்லி, நீக்கலாமா என்று கேட்டது. ‘பிறகு’ என்று அழுத்தினேன். வேறு பதில் சொல்ல எனக்கு நீ இடம் வைக்கவில்லை.

உன்
அம்மா